பூங்காற்று கெமிக்கல்ஸின் இன்னிசைச் சங்கு

மனித குலத்தின் தலையாய கண்டுபிடிப்பு நெருப்பு என்பார்கள் சிலர். சக்கரம் என்பார்கள் சிலர். இரு சாராரும் மேற்படிப்புப் படிக்காதவர்கள். தலையாய கண்டுபிடிப்பு மக்கள் தொடர்புதான். முதன்முதலில் நெருப்பு மூட்டியவன் பக்கத்துக் குகையைக் கொளுத்தியிருப்பான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 'அண்டை வீட்டாருக்கு இலவச வெப்ப வசதி செய்து தரப்பட்டது' என்று எடுத்துச் சொல்ல அன்றைக்கே ஒருவர் இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவனை அங்கேயே அடித்துக் கொன்றிருப்பார்கள். நாமும் இன்றுவரை பச்சை மீன்தான் தின்றுகொண்டிருப்போம்.

இந்தப் புனிதக் கலையைப் பல்கலைக்கழகத்தில் முறையாகப் பயின்றவள் நான். பெயர் ஜானட். வீடு திருவொற்றியூரில், விம்கோ நகருக்குப் பின்னால், பூங்காற்று கெமிக்கல்ஸின் மதில் சுவரை ஒட்டிய தெருவில். பூங்காற்று தயாரிப்பது ப்ளீச்சிங் பவுடர். அதற்கு வேண்டிய குளோரின் வாயு தொட்டிக்குள் இருப்பதைவிட எங்கள் தெருவில் உலாவுவதையே அதிகம் விரும்பும். நல்ல ரசனை உள்ள வாயு.

எங்கள் பேராசிரியர் பிராங்கிளின் முதல் வகுப்பிலேயே பொன்மொழி ஒன்றை உதிர்த்தார்: "மாணவச் செல்வங்களே, விபத்து ஒரு நிறுவனத்துக்கு ஆபத்தே அல்ல. விபத்து நடந்தது வெளியே தெரிவதுதான் ஆபத்து." நாங்கள் எல்லோரும் அதை அடிக்கோடிட்டு எழுதிக்கொண்டோம். அவர் வாழ்நாளில் எந்தத் தொழிற்சாலைக்குள்ளும் கால் வைத்தவர் இல்லை. அதனால் அவருடைய கோட்பாடுகள் கடைசி வரை அழுக்குப் படாமல் இருந்தன.

கடைசிப் பருவத்தில் களப் பயிற்சி கட்டாயம். நான் பூங்காற்றைத் தேர்ந்தெடுத்தேன். நடந்தே போய்விடலாம் என்பது ஒரு காரணம். பயிற்சி முடிந்ததும் வேலை போட்டுத் தருவதாகச் சொன்னது இன்னொரு காரணம். வேலை கிடைத்தால், அந்தக் காற்று எட்டாத இடத்தில் வீடு பார்த்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்விடலாம். அம்மா லூர்து மேரிக்கு மூச்சிழுப்பு உண்டு. மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாக நடப்பார். ஆனால் ப்ளீச்சிங் வாடை கொஞ்சம் பட்டாலும் சுருண்டு உட்கார்ந்துவிடுவார்.

சொல்லப்போனால், நிறுவனத்துக்கும் எங்கள் தெருவுக்கும் இடையே ஏற்கெனவே ஒரு மக்கள் தொடர்பு அதிகாரி இருந்தார். பட்டம் பெறாதவர். தொழிற்சாலைக் கூரை மேல் இருந்த சங்குதான் அது. வாயு கசிந்தால் அது விடாமல் ஊளையிடும். உடனே தெரு மொத்தமும் துணியை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு மெட்ரோ ஸ்டேஷன் படிக்கட்டில் ஏறிவிடும். குளோரின் கனமான வாயு. அவ்வளவு உயரத்துக்கு வராது. சங்கு ஊதுவதற்கும் வாடை வருவதற்கும் நடுவே கிடைக்கும் சில நிமிடங்களில்தான் அம்மாவின் உயிர் இருந்தது. இது பாடத்திட்டத்தில் இல்லை.

என் பயிற்சிக்குப் பொறுப்பானவர் திரு. கிருஷ்ணப்பன், பொதுமேலாளர் (நற்பெயர்). முதல் நாளே என் அறிவைச் சோதித்தார்.

"நம்ம கம்பெனிக்குப் பெரிய பிரச்சினை என்னம்மா? சொல்லு பார்ப்போம்."

"கேஸ் கசியறது, சார்."

அவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "அந்த வார்த்தை இந்த மாடியில வேண்டாம். 'காற்றுப் பகிர்வு'ன்னு சொல்லணும். அது பிரச்சினையே இல்ல. காத்து யார் கண்ணுக்கும் தெரியாது. சங்கு ஊதினா ஜனம் ஓடுது. ஜனம் ஓடினா டி.வி.காரன் வரான். அப்போ பிரச்சினை எங்க இருக்கு?"

"தொட்டியில, சார்."

"சங்குலம்மா, சங்குல!"

இதற்கென்றே உயர்மட்டக் கூட்டம் கூடியது. முந்திரி பக்கோடா பரிமாறப்பட்டது. சங்கு ஓர் 'எதிர்மறை ஒலி' என்றும், அதை அகற்றிவிட்டு ஒரு 'நேர்மறை ஒலி' வைக்கலாம் என்றும் கிருஷ்ணப்பன் சார் முன்மொழிந்தார். பாதுகாப்புப் பிரிவிலிருந்து வந்திருந்த முப்பிடாதி மட்டும், "சார், அந்தப் பழைய வால்வை மாத்திட்டா சங்கே ஊத வேண்டியிருக்காதே" என்றார். கூட்டம் அவரைப் பரிதாபத்தோடு பார்த்தது.

"வால்வு மாத்தினா செலவு. பாட்டு மாத்தினா முதலீடு" என்றார் கிருஷ்ணப்பன் சார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், வருகைப் பதிவு அவர் கையில் இருந்தது.

சங்கு இறக்கப்பட்டது. அந்த இடத்தில் ஒலிபெருக்கிகள் ஏறின. புல்லாங்குழலும் வீணையும் குழைந்து, நடுநடுவே குயில் கூவும் ஓர் இன்னிசை தேர்வானது. தெருவுக்கு விளக்கம் சொல்லும் துண்டறிக்கையை எழுதும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. 'இசை கேட்டால் கேஸ் கசிகிறது என்று அறிக. உடனே ஓடுக' என்று எழுதிக்கொண்டு போனேன். கிருஷ்ணப்பன் சார் சிவப்புப் பேனாவை எடுத்தார். 'கேஸ்' போயிற்று. 'கசிகிறது' போயிற்று. 'ஓடுக' போயிற்று. மிச்சமிருந்த 'இசை கேட்டால்' என்பதை அவரே பூர்த்தி செய்தார்: 'இசை கேட்டால், பூங்காற்று உங்களை நினைக்கிறது என்று அறிக.'

எங்கள் தெருமுனையில் இட்லிக் கடை வைத்திருக்கும் செங்கொடி அக்கா, அந்தத் துண்டறிக்கையில் வடை மடித்துக் கொடுத்தார். "தாளு நல்ல தாளும்மா. எண்ணெய் ஊற மாட்டேங்குது" என்று பாராட்டினார். என் எழுத்துக்குக் கிடைத்த முதல் விமர்சனம்.

வீட்டில் அம்மாவிடம் மட்டும் தொழில் தர்மத்தை மீறினேன். "யம்மா, பாட்டு கேட்டா கேஸுன்னு அர்த்தம். உடனே கெளம்பிடு."

"எந்தப் பாட்டுடி? சர்ச்ல பாட்டு, கோயில்ல பாட்டு, குப்பை வண்டியில பாட்டு. எல்லாத்துக்கும் ஓடிக்கினே இருந்தா மீனு யாரு விக்கிறது? சங்கு இன்னாச்சு?"

"மேம்படுத்தியாச்சும்மா."

"நல்லா கீறத இன்னாத்துக்குடி மேம்படுத்துறாங்க?"

நான் குளிக்கப் போய்விட்டேன்.

அடுத்த வாரமே, ஒரு காலை வேளையில், வால்வு தன் கடமையைச் செய்தது. மாடியில் என் தலைக்கு மேலே இன்னிசை எழுந்தது. குழல் குழைந்தது, குயில் கூவியது. எங்கள் தெருவில் சில நாட்களாகக் குப்பை வண்டி வரவில்லை. வீட்டுக்கு வீடு வாளி நிரம்பி, நாறிக்கொண்டிருந்தது. பாட்டுச் சத்தம் கேட்டதும் ஜனங்கள் அடித்துப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்கள். பச்சை வாளியில் மக்கும் குப்பை, நீல வாளியில் மக்காத குப்பை. வண்டி போய்விடப் போகிறதே என்ற பதைப்பில், சத்தம் வந்த திசையை நோக்கி ஓட்டமாக ஓடிவந்தார்கள். சத்தம் வந்தது எங்கள் கேட்டுக்குள்ளிருந்து.

"பார்த்தியாம்மா!" கிருஷ்ணப்பன் சாருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. "இத்தனை வருஷம் நம்மைப் பார்த்தாலே ஓடின ஜனம், இன்னிக்கு நம்மைத் தேடி வருது! போட்டோ எடு, போட்டோ எடு!"

ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தேன். கூட்டத்தின் முன்வரிசையில், நீல வாளியோடு அம்மா. மதிலோரம் இளம்பச்சையாக ஏதோ தவழ்ந்து வந்துகொண்டிருந்தது. படித்த படிப்பு மொத்தமும் மறந்துபோனது.

"யம்மா! கேஸு! ஓடு!"

தெருவுக்குப் புரிந்துவிட்டது. வாளிகள் பறந்தன. செங்கொடி அக்கா அம்மாவைத் தோளில் சாய்த்து இழுத்துக்கொண்டு ஓடினார். ஆனாலும் அந்தச் சில நிமிடங்களை யாராலும் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. அம்மா அன்றிரவு அரசு ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் முகமூடியோடு படுத்திருந்தார். மூச்சு உள்ளே போகும்போதெல்லாம் விசில் அடித்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நான் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதேன். இதில் நையாண்டி எதுவும் இல்லை.

நிறுவனம் நேர்மையாக விசாரணை நடத்தியது. காற்றால் யாருக்கும் எந்தப் பாதிப்பும் இல்லை என்றும், பயிற்சி மாணவி ஒருவர் 'தடைசெய்யப்பட்ட சொற்களை உரத்த குரலில் பயன்படுத்தியதால்' மக்கள் பதற்றமடைந்தனர் என்றும் கண்டுபிடித்தது. பேராசிரியர் பிராங்கிளின் போனில் வருத்தப்பட்டார். "ஜானட், மூன்றே சொல்லில் மூன்று பிழை. செய்திக் குறிப்பு என்றால் ஒரு முன்னுரை வேண்டாமா?"

ஆனால் தெருவுக்குத் தன் சொந்த மக்கள் தொடர்பு முறை ஒன்று இருந்தது. மறுநாள் காலை செங்கொடி அக்காவின் தலைமையில் பெண்கள் வாளிகளோடு திரும்பி வந்தார்கள். கேட்டுக்குள் குப்பையைக் கொட்டினார்கள். பக்கத்துத் தெருக்காரர்களும் கேள்விப்பட்டுக் கொட்டினார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அம்மா, வழியில் மீன் மார்க்கெட்டில் அள்ளிய செதிலும் குடலுமாக ஒரு கூடை தனியாகக் கொட்டினார்.

கிருஷ்ணப்பன் சார் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு ஓடிவந்தார். "என்னம்மா இது அநியாயம்? நாத்தம் தாங்கல!"

"நாத்தமா? அப்டி சொல்லாத நைனா. 'காற்றுப் பகிர்வு'ன்னு சொல்லு" என்றார் செங்கொடி அக்கா. அந்தச் சொல் தெருவுக்கு எப்படித் தெரிந்தது என்று விசாரிக்க இன்னொரு குழு அமைக்கப்பட்டது.

"இன்னா வோணும் உங்களுக்கு?" அவசரத்தில் கிருஷ்ணப்பன் சாருக்கே எங்கள் பாஷை வந்துவிட்டது.

"எங்க சங்கு" என்றார் அம்மா. "அத்தக் கொண்டாந்து மாட்டு. மாட்ற வரிக்கும் டெய்லி கொட்டிக்கினேதான் இருப்போம்."

வெயிலில் மீன் குடல் தன் வாதத்தை அழுத்தமாக முன்வைத்தது. சாயங்காலத்துக்குள் நிர்வாகம் இணங்கிவிட்டது. ஆனால் தோற்றுப்போனால் அதையும் விழாவாக்குவதல்லவா எங்கள் கலை? 'மக்களின் அன்புக்கு இணங்கி, பாரம்பரியச் சங்கு மீட்பு விழா' என்று பேனர் கட்டினார்கள். பந்தல், நாதஸ்வரம், சங்குக்கு ரோஜா மாலை. மேடையில் ஓய்வுபெற்ற உயரதிகாரி ஒருவர் சிறப்பு விருந்தினர். பக்கத்தில் கிருஷ்ணப்பன் சாரும் பேராசிரியர் பிராங்கிளினும். கீழே நாற்காலிகளில் எங்கள் தெரு. சிறப்பு விருந்தினர் பொத்தானை அமுக்கினால் சங்கு ஒலிக்கும் என்பது ஏற்பாடு.

கிருஷ்ணப்பன் சார் பேசிக்கொண்டிருக்கும்போதே சங்கு ஊளையிட்டது.

தெரு எழுந்தது. ஒரு கேள்வி இல்லை, ஒரு கூச்சல் இல்லை. பந்தலில் குடிக்க வைத்திருந்த தண்ணீர்ப் பானையில் முந்தானையையும் துண்டையும் நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு போயே போய்விட்டது. அம்மா எல்லோருக்கும் முன்னால் போய்க்கொண்டிருந்தார்.

மேடையில் சிறப்பு விருந்தினர் தன் விரலைப் பார்த்தார். "நான் இன்னும் அமுக்கவே இல்லையே?"

"உங்க கை பக்கத்துல வந்தாலே போதும் சார். எல்லாம் ஆட்டோமேட்டிக்" என்றார் கிருஷ்ணப்பன் சார். பேராசிரியர் கை தட்டினார்.

"சார், நிஜமாவே கேஸ் சார்! கண்ட்ரோல் ரூம்ல இருந்து முப்பிடாதி சார்தான் ஊதறாரு! எறங்கி வாங்க!" என்று கத்தினேன். நீ மறுபடியும் ஆரம்பித்துவிட்டாயா என்பது போலப் பார்த்தார்கள். காலியான நாற்காலிகளைப் பார்த்துப் புன்னகை மாறாமல் நின்றார்கள். அதற்கு மேல் காத்திருக்க எனக்குப் பட்டம் போதவில்லை. நான் ஓடிப்போய் அம்மாவைப் பிடித்தபோது அவர் மெட்ரோ ஸ்டேஷன் எஸ்கலேட்டரில் மூச்சு வாங்காமல் நின்றுகொண்டு மேலே போய்க்கொண்டிருந்தார். தெருவில் ஒருவருக்குக்கூட இருமல் இல்லை. மேடையில் இருந்தவர்களை மட்டும் ஆம்புலன்ஸில் ஏற்றிப் போனார்கள்.

விழாச் செய்தியைப் பத்திரிகைகளுக்கு அனுப்பும் பொறுப்பு என்னுடையது. மேற்பார்வையிட மேலதிகாரி யாரும் அலுவலகத்தில் இல்லை. நான் எழுதினேன்: 'பூங்காற்று கெமிக்கல்ஸில் இன்று குளோரின் கசிந்தது. வால்வு பழையது. சங்கு ஊதியதால் தெரு தப்பியது.' முன்னுரை இல்லாமல் அப்படியே அனுப்பினேன்.

இத்தனை ஆண்டுகளாக எங்கள் நிறுவனம் அனுப்பியதையெல்லாம் ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் போட்டு வந்த பத்திரிகைகள், இதை மட்டும் போடத் தயங்கின. "உண்மையான்னு சரிபார்க்கணும்மா. உங்க கம்பெனி செய்தி மாதிரியே இல்லையே" என்றார்கள். சரிபார்ப்பதற்கு ஆஸ்பத்திரியில் இருந்த கிருஷ்ணப்பன் சாருக்கே போன் போட்டார்கள்.

மறுநாள் காலை நாளிதழில் பெட்டிச் செய்தி வந்திருந்தது: 'கசிவு எதுவும் இல்லை: பொதுமேலாளர் திட்டவட்டமாக மறுப்பு.' அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்வதற்காக அவர் மூக்கிலிருந்த ஆக்ஸிஜன் குழாயைக் கழற்றிவிட்டுப் பேசினாராம். சொல்லி முடித்ததும் மறுபடியும் மாட்டிக்கொண்டாராம்.