இடைவெளியாரும் எட்டு வருஷமும்

இடைவெளியார் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்காவிட்டால் எங்காவது வேலைக்கு விண்ணப்பித்துப் பாருங்கள், மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பார். நீங்கள் வாங்கிய பட்டம், செய்த வேலை, பெற்ற பாராட்டு எதுவும் அவர் கண்ணில் படாது. பயோடேட்டாவில் ஒரு வேலை முடிந்த வருஷத்துக்கும் அடுத்த வேலை தொடங்கிய வருஷத்துக்கும் நடுவில் கொஞ்சம் வெள்ளைத்தாள் தெரிந்தால் போதும், மனிதருக்கு உயிர் வந்துவிடும். நெற்றியில் கிடக்கும் மூக்குக் கண்ணாடியை இறக்குவார், சிவப்புப் பென்சிலை எடுப்பார், அந்த வெற்றிடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போடுவார், வட்டத்துக்குள் ஒரு கேள்விக்குறி வைப்பார், பிறகு சாய்ந்து உட்கார்ந்து, அந்த ரெண்டு வருஷம் என்ன செய்தீர்கள் என்று கேட்பார். ஏதோ அந்த இரண்டு வருஷத்தை நீங்கள் அவர் வீட்டு அலமாரியிலிருந்து தூக்கிக்கொண்டு போய்விட்ட மாதிரி.

அவருக்கே மூன்று வருஷ இடைவெளி உண்டு என்பது வேறு கதை. மாமனார் வீட்டு மாடியில் மல்லாந்து படுத்திருந்த காலம் அது. அவருடைய பயோடேட்டாவில் அதற்குப் பெயர் 'நிர்வாக ஆலோசகர்'. யாருக்கு ஆலோசனை சொன்னாராம்? மாமியாருக்குத்தான். அந்த அம்மாள் கேட்டாரா என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.

எனக்கு வாய்த்த இடைவெளியார் லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனி ஒன்றில் ஆள் எடுக்கும் அதிகாரி. நேர்காணல் நடக்கும்போது மூலையில் உட்கார்ந்து குறிப்பெடுப்பது என் வேலை. அன்று ஆள் தேடியது போன் மேசைக்கு. லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் அவசர பட்டனை அழுத்தினால் அழைப்பு நேராக எங்களுக்கு வரும். மெக்கானிக் போய்ச் சேரும்வரை அவர்களைப் பேச்சிலேயே பிடித்து வைத்திருக்க வேண்டும். கேட்பதற்கு என்னவோ சுலபம்தான். உள்ளே இருப்பவர் அழுவார், கதவை உதைப்பார், முதலாளியின் ஏழு தலைமுறையையும் இழுப்பார். ஒரே வருஷத்தில் மூன்று பேர் ஓடிவிட்டார்கள். கடைசி ஆள் ஹெட்போனைக்கூடக் கழற்றவில்லை.

அந்தப் பெண் வந்தது ஒரு புதன்கிழமை. முப்பத்தைந்து வயது இருக்கும். வெள்ளிக்கிழமைக்குள் வேலைக் கடிதத்தைக் காட்டினால்தான் வாடகைக்கு வீடு தருவேன் என்று வீட்டு உரிமையாளர் சொல்லிவிட்டதாகவும், அதனால் இன்றைக்கே முடிவு தெரிந்தால் நல்லது என்றும் உட்காரும்போதே சொன்னார். ஒளிவுமறைவு இல்லாத ஆள் என்று அப்போதே நாங்கள் புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

பயோடேட்டாவில் 'சுயதொழில், எட்டு ஆண்டுகள்' என்று இருந்தது. கீழே சில வரிகள். இடைவெளியார் வாய்விட்டுப் படித்தார். கோபமாக வருபவரைக் குரல் உயர்த்தாமல் சமாளிப்பது, குடித்துவிட்டு வந்தவரைக் கைகலப்பு இல்லாமல் திருப்பி அனுப்புவது, முன்பின் தெரியாதவரின் மனநிலையை இரண்டு நிமிஷத்தில் கணிப்பது, ஆபத்து என்று பட்டால் தயங்காமல் உதவிக்கு ஆள் அழைப்பது. படிக்கப் படிக்க மனிதர் முகம் மலர்ந்தது. இப்படி ஒருவரைத்தான் வருஷக்கணக்காகத் தேடிக்கொண்டிருக்கிறோம் என்றார். பக்கத்தில் இருந்த கணக்கு அதிகாரியும் தலையாட்டினார். மெக்கானிக்குகளின் தலைவர் எழுந்து கையே குலுக்கிவிட்டார்.

அத்தோடு விட்டிருக்கலாம் அல்லவா? பிறவிக் குணம் விடுமா?

"என்ன தொழில்னு போடலையேம்மா?"

"பாலியல் தொழில் சார். அதை எழுதினா கூப்பிட மாட்டீங்க. நேர்ல கேட்டா சொல்லிடணும்னுதான் வந்தேன்."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டுவிட்டது. வாழ்நாள் முழுக்க இடைவெளிகளைத் துருவித் துருவிக் கேட்டவருக்கு முதல் தடவையாக ஒழுங்கான பதில் கிடைத்தது. கிடைத்ததும் என்ன செய்தார் தெரியுமா? பென்சிலை எடுத்து அந்த எட்டு வருஷத்தைச் சுற்றி வட்டம் போட்டார். ஒரு நிமிஷத்துக்கு முன்னால் அனுபவமாக இருந்தது, அந்த நிமிஷத்திலிருந்து இடைவெளியாகிவிட்டது.

இடைவெளி என்றால் கம்ப்யூட்டரில் காரணம் நிரப்ப வேண்டும். அதில் இருப்பதோ நான்கே நான்கு: படிப்பு, உடல்நலம், குடும்பம், வெளிநாடு. மனிதர் கிட்டத்தட்டக் கெஞ்ச ஆரம்பித்தார்.

"உடம்பு சரியில்லாம இருந்தீங்கன்னு போட்டுக்கலாமாம்மா?"

"உடம்பு நல்லாத்தான் சார் இருந்துச்சு. லீவுகூட அதிகமா போட்டதில்ல."

வெளிநாடு? பாஸ்போர்ட்டே கிடையாதாம். படிப்பு? அது அதற்கு முன்னாலேயே முடிந்துவிட்டதாம். தையல் கடை வைத்திருந்ததாக எழுதச் சொல்லி அண்ணி மன்றாடினாராம். ஊசியில் நூல் கோக்கவே தெரியாது, நாளைக்கு யாராவது பட்டன் தைத்துக் கொடுக்கச் சொன்னால் என்ன செய்வது என்று இவர் மறுத்துவிட்டாராம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குனிந்து குறிப்பெடுப்பதுபோலப் பாவனை செய்தேன்.

மெக்கானிக் தலைவருக்குப் பொறுமை போய்விட்டது. அன்று வேலையைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்டவர் அவர்தான். ஒருவர் உள்ளே மாட்டிக்கொண்டு கதவை உதைக்கிறார், என்ன சொல்வீர்கள் என்றார்.

"முதல்ல மூச்சு விட முடியுதான்னு கேட்பேன். நான் இங்கயேதான் இருக்கேன், கதவு திறக்கிறவரைக்கும் போக மாட்டேன்னு சொல்வேன். ரொம்பக் கத்துறவன் ரொம்பப் பயந்திருக்கான் சார். பயம் போயிட்டா தானா அடங்கிடுவான்."

அந்தக் குரலைக் கேட்டபோது, மாட்டிக்கொண்டால் இவர் போனில் இருக்கும்போது மாட்டிக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. தலைவர் இது போதும் என்றார். இடைவெளியாருக்குப் போதவில்லை. விதிமுறை என்று ஒன்று இருக்கிறதாம். முந்தைய தொழிலில் பழகிய இரண்டு பேர் பெயரும் போன் நம்பரும் வேண்டும், சுயதொழில் என்றால் வாடிக்கையாளர்களே போதும் என்றார். சொல்லி முடித்த பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவருக்கே உறைத்தது.

கணக்கு அதிகாரி இப்போது திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல உட்கார்ந்திருந்தார்.

"அது மட்டும் முடியாது சார். யார் பேரையும் நான் வெளியில சொன்னதில்ல. வேலை கிடைக்காட்டியும் சொல்ல மாட்டேன்."

பிறகு கணக்கு அதிகாரி டம்ளர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். ரகசியம் காக்கத் தெரிந்தவர்கள் நிறுவனத்துக்குப் பெரும் சொத்து, இன்றைக்கே கடிதம் கொடுத்துவிடலாம் என்றார். அவர் ஒரு விஷயத்தில் இவ்வளவு சீக்கிரம் முடிவெடுத்து நான் பார்த்ததில்லை.

கடிதம் தயாரானது. இடைவெளியார் தன் பங்குக்குக் கோப்பில் 'குடும்பக் காரணம்' என்று எழுதிக் கையெழுத்துக்கு நீட்டினார். அந்தப் பெண் படித்துப் பார்த்தார், என்னிடம் பேனா வாங்கினார், அதை அடித்துவிட்டு மேலே 'வேலையில் இருந்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது. தட்டவில்லை, எனக்கும் அங்கேதானே வேலை.

போகட்டும். இவ்வளவு தூரம் படித்தீர்களே, உங்களை ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். இந்த நிமிஷம் உங்கள் மனசைக் குடைவது என்ன? அந்தக் கணக்கு அதிகாரிக்கு அந்தப் பெண்ணை முன்னாலேயே தெரியுமா என்பதுதானே? அவர் எந்தத் தெருவில் இருந்தார், எப்படி அந்தத் தொழிலுக்கு வந்தார், ஏன் விட்டார் என்பதுதானே?

அந்த வாடகை வீடு கிடைத்தது. நீங்கள்தான் கேட்கவே இல்லை.