ரோகிணிக்கு ஒரு அலைவரிசை

பாகூரில் போன மாதம் முழுக்க ஒரே பேச்சு: காந்தச் சித்தர் வந்திருக்கிறார். ரேடியோ அலையை உடம்புக்குள் அனுப்புவாராம். உள்ளே ஒளிந்திருக்கும் நோய் மணியடித்துப் பதில் சொல்லுமாம். ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கச் சொன்னால் முகம் சுளிக்கும் நம் மக்கள், இங்கே விடியற்காலையிலேயே செருப்பைக் கழற்றிவைத்து இடம் பிடித்தார்கள்.

கருவி என்பது ஒரு செம்புக் கம்பிச் சுருள், பழைய ஸ்பீக்கரிலிருந்து பிடுங்கிய காந்தம், திருகுவதற்கு ஒரு குமிழ். ஆளுக்கு ஆள் அலைவரிசை மாறும் என்றார் சித்தர். ரோகிணிக்கு ஒன்று, கேட்டைக்கு ஒன்று. அறிவியலும் ஜோசியமும் சம்பந்தம் செய்துகொண்டதில் ஊருக்குப் பெருமை தாங்கவில்லை.

கரும்பு விவசாயி சிங்காரவேலுவுக்குக் கழுத்தில் கட்டி. சுருளை வைத்ததும் மணி அடித்தது. கட்டி கரைகிறது, கத்தி பட்டால் உயிருக்கு ஆபத்து என்றார் சித்தர். ஆபரேஷனுக்கு ஏற்கெனவே பயந்துகொண்டிருந்த மனுஷன், டாக்டர் குறித்துக் கொடுத்த தேதிக்குப் போகவே இல்லை. கட்டியோ யார் பேச்சையும் கேட்காமல் வளர்ந்தது.

மகள் யாமினி வேதியியல் ஆராய்ச்சி செய்பவள். பெரிய காந்தத்துக்குள் மருந்தை வைத்து, ரேடியோ அலையால் அணுக்களைத் தூண்டி, அவை தரும் பதிலைப் படிப்பதே அவள் வேலை. அப்பாவிடம் சொன்னாள், அழுதாள், சண்டை போட்டாள். கடைசியில் அவரோடு தானும் கிளம்பினாள்.

கூட்டத்தில் யார் முகம் நினைவிருக்கும்? சித்தர் மறுபடி நட்சத்திரம் கேட்டார். யாமினி முந்திக்கொண்டு பரணி என்றாள். குமிழ் திரும்பியது, மணி அடித்தது. முக்கால்வாசி கரைந்துவிட்டதாம்.

"எங்கப்பாவுக்கு ரோகிணி, சாமி. அலைவரிசை ஒத்துவரலன்னா அணு அசையாது. இப்ப பதில் சொன்னது யாரு?"

தெய்வம் வழிகாட்டியது என்றார் சித்தர். கூட்டமும் தலையாட்டியது. யாமினி கருவியின் பின்பக்கம் போய் நின்றாள். அடுத்து இடுப்பு வலிக்காரி காசம்மாள் படுத்தாள். மணி அடித்தது. யாமினி கையைத் தூக்கிக் காட்டினாள். அதில் கருவியின் பிளக் இருந்தது.

"அலையே போவல. தூண்டாம எந்த அணுவும் பதில் சொல்லாது."

காசம்மாள் எழுந்து மேசையிலிருந்து தரைவரை தொங்கிய காவித் துணியை விலக்கினாள். தரையில் பேட்டரி போட்ட காலிங்பெல். அதன்மேல் சித்தரின் கால் கட்டைவிரல்.

"இன்னாயா, எம் இடுப்பு உன் கால்லயா இருக்குது?"

சித்தர் செருப்பைக்கூடத் தேடாமல் வில்லியனூர் பஸ்ஸில் ஏறினார். கூட்டம் கலைந்தபோது பக்கத்து வீட்டு ஆண்டாள் யாமினியை ஓரமாக அழைத்து, கேட்டைக்குச் சரியான அலைவரிசை எது என்று ரகசியமாகக் கேட்டாள். பின்னாலேயே வந்த அப்பாவின் காதிலும் அது விழுந்தது. சிங்காரவேலுதான் பதில் சொன்னார்.

"அணுவுக்கு ஜாதகம் கெடையாதாம்மா. நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் குரலே போயிருக்கும் என்று டாக்டர் திட்டினார். எல்லாவற்றுக்கும் நல்ல நேரம் பார்க்கும் மகாஜனங்களே, யோசிப்பதற்கு அது வேண்டாம். ராகு காலத்திலும் மூளை வேலை செய்யும்.