முயல்குட்டிக்கு பால்வாடியில் இடம் கிடைத்த கதை

ஒரு காட்டில் கூரை போட்ட இடம் என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது பால்வாடி. வடிவு என்ற கரடி அங்கே டீச்சர். முயல், மான், குரங்கு, யானை என்று எல்லா வீட்டுக் குட்டிகளும் அவளிடம் வந்தன. யானைக்குட்டி மற்றவர்கள் மேல் உட்காரும். குரங்குக்குட்டி கடிக்கும். வடிவு ஒன்றை இடுப்பிலும் இன்னொன்றை முதுகிலும் சுமந்துகொண்டே பாட்டு சொல்லிக்கொடுப்பாள். துணைக்கு ஓர் ஆள் வேண்டும் என்று வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆள் வரவில்லை. அமைப்புகள் வந்தன. நரி மாசிலாமணியின் அறக்கட்டளை, கொக்கு பத்மாசனியின் ஆய்வு மையம், எருமை சடையப்பனின் சேவைச் சங்கம். மூவரும் கைகோத்து மழலைக் கல்வியின் தரத்தை உயர்த்தப் போவதாகச் சொன்னார்கள். அதற்கு முதலில் கூடிப் பேச வேண்டும். பேச நிழலான இடம் வேண்டும். ஆகவே குட்டிகளைக் கொஞ்ச நேரம் வெளியே உட்காரச் சொன்னார்கள்.

கூட்டம் தொடங்கியதும் பெயர்ப் பலகையில் யார் பெயர் முதலில் வருவது என்று தகராறு. நரி பலகையைப் பிடுங்கியது. எருமை அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. கொக்கு தரையில் விழுந்து காலை உதைத்து அழுதது. தண்ணீர் கொடுக்க வந்த வடிவுக்குப் பழக்க தோஷம். நரியைக் காதைப் பிடித்து ஒரு மூலையில் உட்கார வைத்தாள். எருமையை எதிர் மூலைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். கொக்கின் மூக்கைத் துடைத்துவிட்டாள்.

"கை கட்டுங்க. வாய் மேல விரல்," என்றாள்.

வைத்தார்கள். செய்தது உறைத்ததும், வேலை போயிற்று என்று வடிவு நினைத்தாள். வாய் மேலிருந்த விரலை யாரும் எடுக்கவில்லை. சுண்டல் கொடுத்தாள், சாப்பிட்டார்கள். பாய் விரித்தாள், தூங்கினார்கள்.

மறுநாள் மணி அடிக்கும் முன்பே மூவரும் பவுடர் பூசிக்கொண்டு வாசலில் நின்றார்கள். துணைத் தலைவர்களையும் கூட்டி வந்திருந்தார்கள். நாளடைவில் நரி தன் க்ரேயானை அடுத்தவருக்குக் கொடுத்தது. கொக்கு வரிசையில் நின்றது. மற்றவர் பேசி முடிக்கும்வரை எருமை காத்திருந்தது. அதன் சங்கத்தில் அப்படி நடந்ததே கிடையாது. பால்வாடியின் தரம் கண்கூடாக உயர்ந்துவிட்டது என்று ஆய்வு மையம் அறிவித்தது. சிங்கராஜா விருது கொடுத்தார்.

குட்டிகள் இன்னும் வெளியேதான் இருந்தன. மழை பிடித்துக்கொண்டது. செண்பகம் என்ற முயல், நனைந்து நடுங்கும் மகனைத் தூக்கிக்கொண்டு வந்து, எப்போது உள்ளே சேர்ப்பீர்கள் என்று கேட்டாள். வடிவு நேராக உள்ளே போய், இது குட்டிகளின் இடம், எழுந்திருங்கள் என்றாள். எருமை உதட்டைப் பிதுக்கியது. அதைப் பார்த்து எல்லோரும் அழ ஆரம்பித்தார்கள்.

அழுது முடித்ததும் நரி ராஜாவிடம் போனது. குட்டிகளைச் சேர்த்தால் மழலைக் கல்வியின் தரம் குறையும் என்று விளக்கியது. ராஜாவுக்கும் அது சரியாகப் பட்டது. இனி அமைப்புகளின் தலைவர்களுக்கு மட்டுமே பால்வாடியில் இடம் என்று உத்தரவு வந்தது.

வடிவு கதவைச் சாத்திவிட்டு, சாவியை ராஜாவிடமே கொடுத்துவிடலாம் என்று கிளம்பினாள். செண்பகம் வழிமறித்தாள்.

"தலைவரா இருந்தா போதும்ல டீச்சர்?"

"அப்படித்தான் சொல்றாங்க."

செண்பகம் அன்றைக்கே முயல்கள் முன்னேற்றப் பேரவையைத் தொடங்கி, மூக்கொழுகும் தன் மகனை நிறுவனத் தலைவர் ஆக்கினாள். செய்தி பரவியது. சீக்கிரமே அந்தக் காட்டில் அமைப்பு இல்லாத குட்டியே இல்லை என்றாயிற்று. எல்லாரும் கழுத்தில் அட்டை தொங்க உள்ளே நுழைந்தார்கள். அகில வானரப் பேரியக்கத்தின் தலைவர் வந்ததும் வராததுமாக நரியைக் கடித்தார். யானைக்குட்டி எருமை மேல் உட்கார்ந்தது. வடிவு இரண்டு தலைவர்களைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு விட்ட பாட்டைத் தொடர்ந்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கவில்லை.

பாட்டு முடிந்ததும் நரி எழுந்து, தரத்தை மேலும் உயர்த்த என்ன செய்யலாம் என்று முயல்குட்டியிடம் பணிவாகக் கேட்டது.

"மூச்சா வருது," என்றார் தலைவர்.

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அமைப்புகள் அனைத்தும் முன்னே நிற்பவர் தோளைப் பிடித்துக்கொண்டு, ரயில் விட்டபடி புதரை நோக்கிப் புறப்பட்டன.

நீதி: பிள்ளை பிறந்ததும் பெயர் வைக்க அவசரப்படாதீர்கள், முதலில் சங்கமாகப் பதிவு செய்யுங்கள்.