சுழி மாமா எனக்குப் பள்ளிக்கூடம் பார்த்த கதை

கடவுளே நேரில் வந்து ஜமுனாமரத்தூர் சந்தையில் நின்றிருந்தாலும், "கொஞ்சம் திரும்பி நில்லு சாமி, சுழி பாக்கணும்" என்று கேட்டிருக்கக்கூடிய ஒரே ஆள் எங்கள் சுழி மாமாதான். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவருக்கே ஞாபகம் இருந்ததா என்பது சந்தேகம்.

தொழில் மாட்டுத் தரகு. மாட்டின் உடம்பில் முடி எங்கே சுழித்திருக்கிறது என்று பார்த்து, அது குடும்பத்துக்கு ஆகுமா ஆகாதா என்று சொல்வார்கள் இல்லையா, அதில் மாமா புலி. மாட்டோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஒரு கல்யாணத்தில் தாலி கட்டப்போகிற நேரத்தில் மாப்பிள்ளையின் தலைப்பாகையைத் தூக்கிப் பார்த்து, "ரெட்டைச் சுழிடோய்! இவனுக்கு ரெண்டு பொண்டாட்டி!" என்று அறிவித்துவிட்டு, ஒன்றுமே நடக்காதது போலப் பந்தியில் போய் உட்கார்ந்துகொண்டார். தாலி ஏறியதே பெரும்பாடு. அந்த மாப்பிள்ளைக்குக் கடைசிவரை ஒரே பொண்டாட்டிதான். ஆனால் அந்தம்மா அவரைக் கடைசிவரை நம்பவே இல்லை.

மலைக்குப் புது பஸ் விட்டபோது ஊரே தேங்காய் உடைத்து ஏறிக்கொண்டது. மாமா மட்டும் கீழேயே நின்று, "முன்னாடி கொஞ்சம் நடத்து. இப்ப பின்னாடி" என்று டிரைவரை வேலை வாங்கினார். பிறகு தலையை ஆட்டி, "வலது பின்னங்கால் நொண்டுது. நான் நடந்தே வர்றேன்" என்று கிளம்பிவிட்டார். அன்றைக்குப் பார்த்து மலை வளைவில் வலது பின் டயர் பஞ்சர். அதற்கப்புறம் மாமாவைக் கையில் பிடிக்க முடியவில்லை.

இந்த மனுஷன்தான் என் படிப்புக்குள் மூக்கை நுழைத்தார். எண்பதுகளின் தொடக்கம். நான் பத்தாவது முடித்திருந்தேன். மலையில் சின்னதாக ஓர் ஆஸ்பத்திரி நடத்திய டாக்டரம்மா என்னிடம், "நர்சுங்களுக்கு உதவியா இருக்கிற பயிற்சி முடிச்சுட்டு வா, இங்கேயே வேலை தர்றேன். ஆனா கவர்மென்ட் அங்கீகாரம் இருக்கிற இடமாப் பாத்துச் சேரு. இல்லேன்னா அந்த சர்டிபிகேட்டுல மிளகாய்தான் மடிக்கணும்" என்று சொல்லியிருந்தார்.

பயிற்சிக்குப் பணம் கட்ட நைனா உழவு மாட்டு ஜோடியை விற்றார். விற்றுக் கொடுத்தது சுழி மாமா. இனி விற்க எங்கள் வீட்டில் கோழிதான் பாக்கி. தப்பான இடத்தில் சேர்ந்தால் மாடும் போச்சு, படிப்பும் போச்சு. இந்தக் கவலையில் நான் கிளம்பி நிற்க, குடையும் துண்டுமாக மாமா வந்து நின்றார்.

"நான் வித்துக் குடுத்த மாடு. அதுக்குப் பதிலா வர்றது நொண்டியா இருந்துச்சுன்னா என் பேரு கெட்டுப்பூடும். நானும் வர்றேன்."

நைனாவுக்கு வாயெல்லாம் பல். "சுழி மச்சான் சரின்னா சேரு. வேணாம்னா வூட்டுக்கு வந்துடு."

எனக்கு வந்ததே ஆத்திரம்! "இன்னா நைனா, நான் இன்னா சந்தைக்கா போறேன்?"

"பின்ன?" என்றார் மாமா.

ஆலங்காயத்தில் இறங்கி, வேறு பஸ் பிடித்து, அடிவாரத்து டவுன் ஒன்றில் முதல் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். பெயர்ப்பலகையே கட்டிடத்தைவிடப் பெரிசு. உள்ளே சஃபாரி சூட்டில் ஒரு முதல்வர், மூலையில் ஒரு எலும்புக்கூடு, எங்களுக்குக் கலர் சோடா. நான் அப்படியே மயங்கிவிட்டேன். மாமா எலும்புக்கூட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பல்லைப் பிடித்துப் பார்த்தார்.

பிறகு முதல்வரின் கையைப் பிடித்து, மேலே துண்டைப் போட்டார். மாட்டுச் சந்தை வழக்கம் அது. விலை வெளியே தெரியாமல் துண்டுக்கடியில் விரலைத் தொட்டுப் பேசுவார்கள். பேரம் படிந்துவிட்டால் முழுக் கையையும் பிடித்து ஓர் அழுத்து. முதல்வருக்கு இது எப்படித் தெரியும்? "யோவ், இன்னாய்யா பண்றே, கையை விடுய்யா!" என்று நாற்காலியோடு பின்னால் போனார்.

"சரி, வாயாலயே பேசுவோம். கன்னு எங்க?"

"இது மாட்டாஸ்பத்திரி இல்லீங்க!"

"தெரியுதுங்க. பால்மாடு வாங்கறவன் கன்னைத்தான் மொதல்ல பாப்பான். இங்க படிச்சு முடிச்ச பொண்ணு ஒண்ணைக் காட்டுங்க."

"எல்லாரும் ஃபாரின்ல இருக்காங்க."

"அது எப்படிங்க? ஒரு கன்னு கூடவா உள்ளூர்ல மேயாது?"

எனக்கு மானம் போயிற்று. பேச்சை மாற்ற, "அங்கீகாரம் இருக்குங்களா சார்?" என்று கேட்டேன்.

"அப்ளை பண்ணியிருக்கோம்மா. சீக்கிரம் வந்துடும்."

மாமா எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "சினை மாடுன்னு சொல்லி மலட்டு மாட்டை விக்கறவன் இதேதான் சொல்வான். எழுந்திரு பாப்பா." கலர் சோடாவை மட்டும் மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு வந்தார்.

இரண்டாவது இடம் ஒரு பழைய ஆஸ்பத்திரி. பின்பக்கம் ஓட்டுக் கட்டிடத்தில் பள்ளி. சேர்க்கைக்கு அன்றைக்குச் சாயங்காலம்தான் கடைசி. வரிசை நீண்டிருந்தது. நான், "மாமா, இங்கேயாவது பேசாம இருங்க, உங்க கால்ல விழறேன்" என்று கெஞ்சினேன்.

"பேசவே மாட்டேன். நடத்திப் பாத்துட்டா முடிஞ்சுது" என்றவர், வெராண்டாவில் துண்டை அழகாக விரித்து, அதன்மேல் தொப்பென்று விழுந்து, "ஐயோ வயிறே!" என்று புரண்டார்.

நீலப்புடவைப் பெண்கள் ஓடி வந்தார்கள். ஒருத்தி நாடி பிடித்தாள், ஒருத்தி தலையைத் தாங்கினாள், ஸ்ட்ரெச்சர் வந்தது. மாமா ஒரு கண்ணை மட்டும் திறந்து, "கை கழுவினாளா பாத்துக்கோ" என்று என்னிடம் முணுமுணுத்துவிட்டு மறுபடி புரண்டார். டாக்டர் வந்து வயிற்றை அமுக்கிப் பார்த்தார். பெரிய சிஸ்டர் கண்ணாடிக்கு மேலாக, "வெளிக்குப் போனீங்களா?" என்று கேட்டார்.

அங்கேதான் மாமா கெட்டார். சும்மா இருந்திருக்கலாம். நடிப்பில் ருசி கண்டுவிட்டாரே! "ஒரு வாரமா போவலைங்க தாயே!"

"எனிமா ரெடி பண்ணுங்க" என்றார் சிஸ்டர்.

"இன்னாது?" என்றார் மாமா. அதற்குள் திரையை இழுத்துவிட்டார்கள். அந்தத் திரைக்குப் பின்னாலிருந்து வந்த அலறலைப் போல, மாட்டுக்குச் சூடு போடும்போதுகூட நான் கேட்டதில்லை.

இங்கே வரிசையில் என் முறை வந்துவிட்டது. அங்கீகாரம் பற்றிக் கேட்டேன். அதற்குள் சேர்க்கை மேஜைக்குத் திரும்பியிருந்த பெரிய சிஸ்டர் சுவரைக் காட்டினார். அரசாங்க உத்தரவு கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது. "பரீட்சையும் கவர்மென்ட்தான் வைக்கும். பெரியவங்க யாரு வந்திருக்காங்க? சரின்னா இப்பவே சேத்துடலாம். நேரம் ஆவுது."

நான் என்ன சொல்ல? மாமா சரி சொல்லாமல் சேர்ந்தால் நைனா கூட்டிக்கொண்டு போய்விடுவார். உள்ளே உருள்பவர்தான் என் பெரியவர் என்று சொன்னால், நோயாளி வேஷம் போட்டதற்கு இரண்டு பேரையும் இவர்கள் துரத்திவிடுவார்கள். "இதோ வந்துடறேங்க" என்று வார்டுக்கு ஓடினேன்.

மாமா வதங்கிய கீரையாகக் கிடந்தார். பக்கத்தில் எனிமா கொடுத்த பெண் அவர் முகத்தை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நீ இன்னாம்மா, படிக்கிறியா?" என்று ஈனசுரத்தில் கேட்டார்.

"இல்லீங்க ஐயா, இங்கதான் படிச்சேன். போன வருஷம் பாஸ் பண்ணி இங்கேயே வேலைக்குச் சேர்ந்துட்டேன். இப்ப வலி தேவலைங்களா?"

மாமா என்னைப் பார்த்தார். கன்று கிடைத்துவிட்டது! ஆனால் அந்தப் பெண் எதிரில் எப்படிச் சொல்வது? கட்டிலில் கிடந்த துண்டை மெல்ல இழுத்துத் தன் கையின்மேல் போட்டார். நான் துண்டுக்கடியில் கையை விட்டேன். முழுக் கையையும் பிடித்து ஓர் அழுத்து. அவ்வளவு நடந்த பிறகும் பிடி இரும்பாக இருந்தது. நான் ஓடிப்போய், பெரியவங்க சரின்னுட்டாங்க என்று சொல்லிச் சேர்ந்துவிட்டேன்.

கிளம்பும்போது பெரிய சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு, "உங்க மாமாவுக்கு ராத்திரிக்குக் கஞ்சி மட்டும் குடுங்க" என்றார். அவர் என் மாமா என்று நான் யாரிடமும் சொல்லவில்லையே!

"தெரியுமா சிஸ்டர்?"

"வலியில விழறவன் துண்டு விரிச்சுட்டா விழுவான்? டாக்டரும் பாத்துட்டுச் சிரிச்சுட்டுதான் போனாரு. பொண்ணுங்களுக்குப் பழக ஆள் வேணாமா?" இதை நான் மாமாவிடம் சொல்லவே இல்லை. தாங்கமாட்டார்.

பயிற்சி முடித்து மலை ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தேன். பிடித்தது சனி. எந்த ஊரில் எந்தப் பெண் இந்தப் படிப்புக்குப் போகிறேன் என்றாலும், அவள் அப்பனைக் கூட்டிக்கொண்டு மாமா வந்துவிடுவார். நான் புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருப்பேன். "இதான் அந்தப் பள்ளிக்கூடத்துக் கன்னு. பாப்பா, கொஞ்சம் நட."

"வேலை நேரத்துல இன்னா மாமா பேஜாரு! போய்டுங்க அந்தாண்ட!" என்று கத்துவேன். போகிற போக்கில், "பாத்தியா, குரல்லயே இன்னா தெம்பு" என்று அதற்கும் பெருமை பேசுவார். என் அளவுக்கு அவரைத் திட்டியவர்கள் மலையில் யாரும் இல்லை. அவ்வளவு பிரியம் வைத்திருந்தவர்களும் யாரும் இல்லை.

கடைசியாக அவர் எங்கள் வார்டில் படுத்தபோது துண்டு விரித்து விழவில்லை. நிஜமாகவே தூக்கிக்கொண்டு வந்தார்கள். கண் பார்வை மங்கிவிட்டிருந்தது. ஒருநாள் யாரோ ஒருவர் மகளோடு வந்து, அந்தப் படிப்பு எப்படி என்று அவர் கட்டிலருகில் நின்று விசாரித்தார்.

"கன்னைப் பாத்துட்டுப் போ. பாப்பா, எங்க கீறே? கொஞ்சம் நட" என்றார் மாமா.

நான் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தேன். கட்டிலிலிருந்து கதவுவரை நடந்து காட்டினேன். அவர் கேட்பதற்கு முன்பே, சுழி தெரியும்படி திரும்பியும் நின்றேன்.