ரயிலைக் காக்க வைத்த சாவகாசக் கவுண்டர்

கோயமுத்தூர் ஜில்லாவில் ரயிலைக் காக்க வைத்த மனிதர் ஒருவர்தான். அவர் கலெக்டர் அல்ல, ஜமீன்தாரும் அல்ல. எங்கள் தெருக்கோடி வீட்டிலிருந்த சாவகாசக் கவுண்டர். பெற்றோர் வைத்த பெயர் வேறு இருந்திருக்கும். அதைக் கேட்கிற அளவுக்கு யாருக்கும் சாவகாசம் இருந்ததில்லை.

எழுபதைத் தாண்டியவர். தோட்டத்தைப் பையன்களிடம் ஒப்படைத்துவிட்டு, மாதம் ஒரு முறை தன்னந்தனியாக ஊர் சுற்றக் கிளம்பிவிடுவார். ஒரு பவானி ஜமக்காளம், ஒரு கூஜா, ஒரு முக்காலி. உட்காருவதற்கல்ல, ரயிலிலிருந்து இறங்குவதற்கு. போர்ட்டர் அதைக் கீழே வைத்து, ஆடாமல் பிடித்துக்கொண்டால்தான் கால் வெளியே வரும்.

"இந்த வயசுல தனியாப் போகாதீங்கப்பா" என்று பெரிய பையன் கெஞ்சுவான்.

"நானு எங்கடா தனியாப் போறேன்? ரயிலு பூராச் சனம் இருக்குதல்லோ!"

ஒரு முறை பழனிக்கென்று புறப்பட்டார். பொள்ளாச்சியில் ஒரு நாள் தங்கல், உடுமலையில் ஒரு நாள். திரும்பி வந்தவரிடம், "தரிசனம் நல்லபடி ஆச்சுங்களா?" என்று கேட்டேன்.

"உடுமலையோட திரும்பிட்டனுங்க. வெயிலு சாஸ்தி. சாமி எங்க போயிரும்? அடுத்த மாசம் பாத்துக்கலாம்."

நானோ பள்ளிக்கூட வாத்தியார். மணி அடிப்பதற்கு முன்பே எழுந்து நிற்கிற ஜாதி. பத்து மணி வண்டிக்கு ஆறு மணிக்கே ஸ்டேஷனில் இருப்பேன். எங்கள் இருவரையும் ஒரே பெட்டியில் ஏற்றிய நாளைத்தான் சொல்ல வந்தேன்.

மைத்துனி கல்யாணத்துக்காகக் கரூர் போய்க்கொண்டிருந்தோம். ஈரோட்டில் வண்டி மாற வேண்டும். பெட்டியின் மறுகோடியில் கவுண்டர் கூஜாத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ரசித்துக் குடித்துக்கொண்டிருந்தார். ஈரோடு வந்ததும் எனக்கு வழக்கமான பதற்றம் பற்றிக்கொண்டது. ஜன்னலோரம் தூங்கிய ஐந்து வயது மகள் சரசுவை எழுப்பி உட்கார வைத்தேன். கைக்குழந்தையோடும் கட்டுச்சோற்றுக் கூடையோடும் மனைவி முன்னே போய்விட்டாள். படுக்கைச் சுருளைத் தலையில் தூக்கி, கூட்டத்தில் இடிபட்டு இறங்கி, பின்பக்கம் கையை நீட்டி, "கண்ணு, வா, அப்பா கையப் புடிச்சுக்க" என்றேன். ஒரு சின்னக் கை பிடித்துக்கொண்டது. பாலம் ஏறி அடுத்த பிளாட்பாரத்துக்கு ஓடினேன்.

படுக்கையை இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், மொட்டைத் தலையோடு ஒரு பையன் முறுக்குத் தின்றுகொண்டு நிற்கிறான்.

"யாருடா நீ?"

"கண்ணு" என்றான்.

எங்கள் பக்கத்தில் எந்தக் குழந்தையும் கண்ணுதான். கூப்பிட்டேன், வந்துவிட்டான்.

"ஏனுங்க, சரசு எங்கீங்க?" என்றாள் மனைவி. பின்னாலேயே பையனின் தகப்பன் கத்திக்கொண்டு வந்தான்: "ஏனுங்க பெரிய மனுசரே, எம்பையன எங்கீங்க இழுத்துட்டுப் போறீங்க!"

நான் அதற்குள் பாலத்தில் ஓடிக்கொண்டிருந்தேன். கீழே சேலம் போகும் எங்கள் வண்டி விசில் ஊதியது. அந்த வண்டி நகர்ந்திருந்தால், தூக்கக் கலக்கத்தில் என் குழந்தை எந்த ஸ்டேஷனில், யார் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கியிருக்கும்?

வண்டி நகரவில்லை. எங்கள் பெட்டி வாசலில் கார்டு கொடியும் கையுமாகக் குதித்துக்கொண்டிருந்தார்.

"பெரியவரே, நேரமாச்சு! எறங்குங்க!"

"எறங்கத்தானுங்களே நிக்கறேன். முக்காலி கீழ இருக்குது, காலு மேல இருக்குது. ரெண்டும் சேரோணுமல்லங்க?"

கவுண்டரின் தோளில், ஜமக்காளத்தில் சுற்றிய மூட்டைபோல, சரசு. உட்கார வைத்தவள் மறுபடியும் சாய்ந்து தூங்கிவிட்டிருக்கிறாள். எல்லோரும் இறங்கிய பிறகே எழுந்திருப்பது கவுண்டரின் வழக்கம். அதனால் அவர் கண்ணில் மட்டும் பட்டிருக்கிறாள்.

"வாத்தியாரூட்டு அம்மணி தூங்கிட்டு இருந்தாளுங்க. தட்டி எழுப்புனாப் பயந்துக்குவா. அதான் மெதுவா எறங்குறேன்" என்றார். அழுதுகொண்டே குழந்தையை வாங்கினேன். "ஏனுங்க அழுவறீங்க? வண்டி போயிருந்தாச் சேலத்துல எறங்கி, நாலு எடம் காட்டிப்போட்டு, சாவகாசமாக் கூட்டியாந்திருப்பேன்."

பிளாட்பாரத்திலேயே ஜமக்காளத்தை விரித்தோம். மனைவி கட்டுச்சோற்றைப் பிரித்து அவர் இலையில்தான் முதலில் வைத்தாள். அவள் கண்ணும் காயவில்லை. அந்தப் பக்கம் கரூர் வண்டிக்கு மணி அடித்தார்கள்.

"வாத்தியாரய்யா, உங்க வண்டி கெளம்புதுங்களே!"

"போகட்டுமுங்க. கல்யாணம் நாளைக்குத்தான். நீங்க சாப்பிடுங்க."

வண்டி போய்விட்டது. கவுண்டர் ஒவ்வொரு கவளத்தையும் உருட்டி, பார்த்து, மென்று சாப்பிட்டார். நான் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மனிதர் இன்னும் கொஞ்சம் மெதுவாகச் சாப்பிடக்கூடாதா என்றிருந்தது.