மச்சினன் கன்னம் வரை

கோபக்காரனிடம் போய் "உனக்கு என்ன வேண்டும்?" என்று யாரும் கேட்கக் கூடாது. உள்ளதை விட்டுவிட்டு, கேட்டவர் வாயை அடைக்க எது வருமோ அதைத்தான் சொல்வான். நான் சொன்னேன். என் பிழைப்பே போகப் பார்த்தது.

அறுபதுகளின் நடுவில் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் டிரெடில் மெஷினுக்குத் தாள் கொடுக்கிற வேலை எனக்கு. மெஷின் வாயைத் திறந்து திறந்து மூடும். திறந்திருக்கிற நேரத்துக்குள் இடது கை அச்சான தாளை எடுக்க வேண்டும், வலது கை புதுத் தாள் ஒன்றை வைக்க வேண்டும். ஒன்றுதான். இரண்டு போனால் பட்டாசு லேபிள் பாழ். கை பிந்தினால் கை பாழ்.

அந்தச் சித்திரையில் என் மச்சினன் செல்லச்சாமி சைக்கிளை மிதிக்க, நான் கேரியரில் உட்கார்ந்து சாத்தூர் போனேன். வழியில் ஏதோ ஒரு கம்பெனியில் வெடியைக் கொளுத்திச் சோதித்தார்கள். (எங்கள் பக்கத்தில் பிறந்தவன் இதற்கெல்லாம் திரும்பவே மாட்டான்.) இவன் திரும்பிப் பார்த்தான். சைக்கிள் பாலத்துக்குக் கீழே போய்விட்டது. அவனுக்கு ஒரு கீறல் இல்லை. எனக்கு வலது மேல்கை எலும்பு முறிந்தது. மாவுக்கட்டைப் பிரித்தபோது தோள், முழங்கை, விரல் எல்லாம் விறகு மாதிரி விறைத்துக் கிடந்தன.

முதலாளி ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். ஆவணி பிறக்கும்போது நான் மெஷின் முன்னால் நிற்காவிட்டால் அது வேறு ஆளுக்கு. தீபாவளி லேபிள் ஆர்டர் என் கைக்காகக் காத்திருக்குமா?

விருதுநகரில் ஓர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஊசி, மருந்து இல்லாமல் கைகாலுக்குப் பயிற்சி மட்டும் கொடுக்கிற டாக்டரம்மா ஒருவர் அங்கே புதிதாக வந்திருந்தார். என்னைவிட வயது குறைவு. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஓர் அட்டையும் பேனாவும் எடுத்தார்.

"இந்தக் கையால நீங்க என்ன செய்யணும்னு ஆசைப்படுறீங்க?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டாக்டர் என்றால் இதைச் செய் என்று சொல்ல வேண்டும். நோயாளியைக் கேட்கிறவருக்கு என்ன தெரிந்திருக்கும்? துணைக்கு வந்த செல்லச்சாமி பக்கத்தில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தான்.

"இந்தா இருக்கான்ல, என் பொண்டாட்டி தம்பி. இவன் கன்னத்துல ஓங்கி ஒண்ணு விடணும். அம்புட்டுத்தான்."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார். தொழிலுக்கு என்று ஏதாவது உண்டா என்றும் கேட்டார். அதை நான் பார்த்துக்கொள்வேன் என்றேன். (திமிர்.)

அடுத்த வாரத்திலிருந்து செல்லச்சாமிதான் அளவுகோல். அவனை ஒரு கை தூரத்தில் நிறுத்தி, என் கையைத் தூக்கச் சொல்வார். முதலில் அவன் இடுப்பு. அப்புறம் நெஞ்சு. தோள் உயரத்துக்கு வந்தபோது வலியில் எனக்குக் கண்ணீர் கொட்டியது. அவனோ அசையாமல் நின்று, "இன்னுங் கொஞ்சந்தான் அத்தான், ஒசத்துங்க" என்றான். விரலுக்காகத் தினமும் ஈரத்துணி பிழியச் சொல்லியிருந்தார்கள். அது பொம்பளை வேலை என்று நான் தொடவேயில்லை. ஆடிக் கடைசியில் என் உள்ளங்கை அவன் கன்னத்தைத் தொட்டது. அங்கிருந்த நோயாளிகள் எல்லோரும் கைதட்டினார்கள்.

ஆவணி முதல் நாள். எனக்குப் பதிலாக மெஷின் ஓட்டியவன் போகாமல் ஓரமாக நின்றான். முதலாளி பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அதே அச்சகத்தில் தாள் வெட்டுகிற செல்லச்சாமியும் கத்தியை விட்டுவிட்டு வந்தான்.

மெஷின் ஓடியது. தோள் எண்ணெய் போட்டது போலப் போய் வந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் ஒட்ட மறுத்தன. முதல் தாள் நழுவியது. அடுத்து மூன்று சேர்ந்து வந்தன. வாய்க்குள் கோணலாக விழுந்ததைச் சரிசெய்யக் கையை விட்டேன். விரல் துழாவிக்கொண்டே இருந்தது. இரும்பு மூட வந்தது.

செல்லச்சாமி என் காலரைப் பிடித்து இழுத்தான். மல்லாக்க விழுந்தேன். சட்டைக் கையின் நுனி மட்டும் உள்ளே போய்க் கிழிந்தது.

எழுந்தேன். கையைக் காப்பாற்றிக் கொடுத்தவனைக் கும்பிட்டிருக்க வேண்டும். இத்தனை பேர் பார்த்துவிட்டார்களே என்ற அவமானத்தில் விட்டேன் ஒன்று. பழகிய உயரம்தானே. கொஞ்சமும் வலிக்கவில்லை, எனக்கு.

முதலாளி மெதுவாகச் சொன்னார். "கை சொகமாத்தான் இருக்கு. வெரலும் வந்தப்பொறம் வாரும்."

ஓரமாக நின்றவன் மெஷின் முன்னால் போய் நின்றான்.

மறுநாள் தனியாக விருதுநகர் போனேன். நடந்ததைக் கேட்டுவிட்டு டாக்டரம்மா அட்டையில் ஒரு வரியை அடித்தார்.

"அது முடிஞ்சுது. இப்பவாவது உள்ளதைச் சொல்லுங்க."

"ஒத்தத் தாள எடுக்கணும்மா," என்றேன்.

அன்றிலிருந்து ஈரத்துணி பிழிந்தேன். என் மனைவி வீட்டுத் துணி மொத்தத்தையும் கொண்டுவந்து போட்டு, "என் தம்பிய அடிச்ச கைதான, நல்லாப் பிழியட்டும்" என்றாள். பழைய லேபிள் கட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பழகினேன். ஒற்றைத் தாள் விரலில் வந்தபோது தீபாவளி போயிருந்தது, என் மெஷினும் போயிருந்தது. பொங்கல் கழிந்து, யாரும் தொடாத ஒரு கிழட்டு மெஷினைக் கொடுத்தார்கள். கடைசிவரை அதுதான்.

அன்றிலிருந்து செல்லச்சாமி எந்த விசேஷப் பந்தியிலும் எனக்கு வலது பக்கம், தோளோடு தோள் ஒட்டித்தான் உட்காருவான். அங்கே இருந்தால் கை வீச இடமில்லையாம். இது ஏதோ குடும்ப வழக்கம் என்று நினைத்து, என் மகன்களும் தங்கள் மச்சினன்மாரை வலது பக்கமே உட்கார வைக்கிறார்கள். நான் திருத்தவில்லை.