மெர்சிக்கு ஒரு பொன்னாடை

பாராட்டிகள் என்று ஓர் இனம் இருக்கிறது. இவர்களை நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. அமீரகத்தில் தமிழர் நாலு பேர் கூடி ஒரு சங்கம் வைத்தால் அதில் மூன்று பேர் இந்த இனமாகத்தான் இருப்பார்கள். பாராட்டி யாரையும் திட்ட மாட்டார், எவரிடமும் பொறாமைப்பட மாட்டார். சின்னக் கடை வைத்து முன்னுக்கு வரத் துடிப்பவர்களைக் கண்டால் அவருக்கு நெஞ்சு விம்மும். "நாமதான் சார் தூக்கிவிடணும்" என்பார். உடனே படம் எடுப்பார், பதிவு போடுவார், பொன்னாடை வாங்கி வருவார், மலர்க்கொத்து கொடுப்பார், கண்கலங்கப் பேசுவார்.

அந்தக் கடையில் ஒரு பொருள் வாங்குவாரா? அது மட்டும் மாட்டார்.

புஜைராவில் இருக்கும் விஜயபாஸ்கரை எடுத்துக்கொள்ளுங்கள். திருச்சிக்காரர். எண்ணெய்க் கிடங்குக் கம்பெனி ஒன்றில் கொள்முதல் மேலாளர். அங்கே ஆணியிலிருந்து கிரேன் வரை எது வாங்கினாலும் அவர் கையெழுத்து வேண்டும். ஒருநாள் அமெரிக்காவிலிருக்கும் தலைமை அலுவலகம் எல்லாக் கிளைகளுக்கும் ஒரு மெயில் அனுப்பியது. 'இந்த மாதம் கறுப்பினத் தொழில்முனைவோரைக் கொண்டாடுவோம், ஆதரிப்போம்.' விஜயபாஸ்கர் அதைப் படித்தார், உருகினார். மகள் ரக்ஷிதா கறுத்துவிடுவாள் என்று மாலை ஐந்து மணிக்கு முன்னால் அவளைக் கடற்கரைக்கே அழைத்துப் போகாத அதே விஜயபாஸ்கர்தான். உருகியதும் தேடத் தொடங்கினார். கொண்டாட ஓர் ஆள் வேண்டுமே!

அவர் வீட்டுக்குப் பின்தெருவிலேயே ஆள் இருந்தார். மெர்சி வஞ்சிரு, கென்யா நாட்டுக்காரர். ஆறு வருஷமாக அங்கே தையல் கடை நடத்துகிறார். வீட்டுவேலைக்கு வந்த ஆப்பிரிக்கப் பெண்களுக்கும் நம்மூர்ப் பெண்களுக்கும் ஞாயிற்றுக்கிழமை லீவு நாளில் தையல் சொல்லித் தருகிறார். புதிதாக வேலைக்கு வந்து, கம்பெனி கொடுத்த தொளதொள உடுப்பில் தடுக்கி விழுகிறவர்களுக்கு முதல் தடவை இலவசமாகவே அளவு குறைத்துத் தருகிறார். இந்தக் கடை வாசலை விஜயபாஸ்கர் ஆறு வருஷமாகத் தினமும் காரில் கடந்திருக்கிறார். மெயில் வந்த பிறகுதான் கடை கண்ணில் பட்டது.

போனார். உள்ளே நாகலிங்கம் என்ற வெல்டர், கிழிந்த கவராலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். கவரால் என்றால் கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே துணியாக இருக்கும் வேலை உடுப்பு.

"தம்பி, கொஞ்சம் ஓரமா நில்லுங்க. படத்துல விழுறீங்க" என்றார் விஜயபாஸ்கர்.

"எனக்கு டூட்டிக்கு நேரமாச்சு சார்."

"ரெண்டே நிமிஷம்."

மெஷினில் மெர்சி, மெஷினுக்குப் பக்கத்தில் மெர்சி, மெர்சியோடு விஜயபாஸ்கர், விஜயபாஸ்கர் கையில் கத்தரிக்கோல் என்று பதினாலு படம் எடுத்தார். மெர்சி பொறுமையாகச் சிரித்துவிட்டு ஆங்கிலத்தில் கேட்டார்:

"தைக்க என்ன கொண்டுவந்திருக்கிறீர்கள் சார்?"

"தைக்கவா? இல்லை, இல்லை. நான் உங்களைக் கொண்டாட வந்திருக்கிறேன்."

மெர்சி அவர் கழுத்தில் தொங்கிய கம்பெனி அடையாள அட்டையைப் படித்தார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். விஜயபாஸ்கரின் கம்பெனிக்கு அவர் அனுப்பிய கொட்டேஷன். ஊழியர்களின் கவரால்களை அளவு திருத்த, கிழிசல் தைக்க. மூன்று முறை அனுப்பி ஒரு முறைகூடப் பதில் வரவில்லை. அவரிடம் இரண்டு பெண்கள் வேலை பார்த்தார்கள். தொடர்ந்து வேலை வந்தால்தான் அந்த இருவரின் விசாவைப் புதுப்பிக்க முடியும், இல்லாவிட்டால் ஊருக்கு அனுப்ப வேண்டியதுதான் என்று சொன்னார்.

"அதுக்கு ஒரு புரொசீஜர் இருக்கு" என்றார் விஜயபாஸ்கர், குரலில் கனிவு சொட்ட. "முதல்ல விழா. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்."

"ஞாயிறு என் வகுப்பு சார்."

"ஒரு வாரம் லீவு விடுங்க. உங்களுக்காகத்தானே செய்யறோம்!"

அப்படியே ஆயிற்று. வாரம் ஒருநாள் மட்டும் வெளியே வர முடிந்த ஏழு பெண்களின் வகுப்பு, பெண்களை முன்னேற்றிய சாதனையைப் பாராட்டுவதற்காக ரத்தானது.

விழா பிரமாதம். விஜயபாஸ்கரின் தமிழ்ச் சங்கத்துப் பெண்கள் இருபத்திரண்டு பேர் ஒரே நிறத்தில் புடவை, ஒரே நிறத்தில் ரவிக்கை. அந்த இருபத்திரண்டு ரவிக்கையும் திருச்சியில் தைக்கப்பட்டு கூரியரில் வந்திறங்கியவை. மேடைக்குப் பின்னால் பெரிய பேனர். 'சாதனைப் பெண்மணி மெர்சி வஞ்சிரம் அவர்களுக்குப் பாராட்டு.' அச்சடித்தவருக்கு மீன் ஞாபகம். சரிபார்த்தவர் விஜயபாஸ்கர். மெர்சிக்குத் தமிழ் படிக்கத் தெரியாததால் அவர் பேனரைப் பார்த்து மகிழ்ச்சியாகவே தலையசைத்தார்.

பதினோரு பேர் பேசினார்கள். ஆப்பிரிக்கா நம் தொப்புள்கொடி உறவு என்று ஒருவர், தையல் என்பது உலகத்தை இணைப்பது என்று இன்னொருவர், தாம் கடந்துவந்த பாதையைப் பற்றி மட்டும் மூவர். பொன்னாடைகள் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்து மெர்சியின் முகம் மட்டும் வெளியே தெரிந்தது. கடைசியில், நேரம் இருந்ததால், அவரையும் பேசச் சொன்னார்கள்.

மெர்சி மைக் முன்னால் வந்து நன்றி சொன்னார். பிறகு முன்வரிசையைக் காட்டினார். "விளக்கேற்றும்போது பார்த்தேன். மேடம்களுக்குக் கையைத் தூக்க முடியவில்லை. அக்குளில் துணி பிடிக்கிறது. வெட்டிய விதம் தப்பு. என்னிடம் கொண்டுவாருங்கள், சரிசெய்து தருகிறேன்." இருபத்திரண்டு பேரும் ஒரே சமயத்தில் கையை மெல்லத் தூக்கிப் பார்த்தார்கள். ஆமாம், பிடித்தது.

"இன்னொன்று. விஜயபாஸ்கர் சாரின் கம்பெனிக்கு மூன்று முறை கொட்டேஷன் கொடுத்தேன். இன்று சார் என் பக்கத்திலேயே இருக்கிறார். எனக்குச் சால்வை போதும். என் இரண்டு பெண்களுக்கு வேலை வேண்டும். தருவீர்களா சார்?"

விஜயபாஸ்கர் மைக்கை வாங்கினார். "சகோதரியின் நம்பிக்கை என்னை நெகிழ வைக்கிறது. இதற்கென ஒரு கமிட்டி அமைத்துப் பரிசீலிப்போம்!" என்றார். பலத்த கைதட்டல். கேள்விக்குப் பதில் வரவில்லை என்பதைக் கவனித்தது அரங்கில் இரண்டே பேர். ஒருவர் மெர்சி. இன்னொருவர் விஜயபாஸ்கரின் மனைவி சங்கீதா.

செவ்வாய்க்கிழமை காலை சங்கீதா பையும் கையுமாகக் கிளம்பினார்.

"எங்கே?" என்றார் கணவர்.

"மெர்சி கடைக்கு. ரவிக்கை பிடிக்குதுங்க."

"நான் வரட்டுமா? நல்ல லைட்டிங்ல ஒரு படம்..."

"வேணாம். பிரிச்சுத் தைக்கத்தான் போறேன்."

மறுநாள் ரவிக்கை கச்சிதமாக உட்கார்ந்தது. சங்கீதா சங்கத்து வாட்ஸப் குழுவில் அதிகம் எழுதவில்லை. 'கை நல்லா தூக்க வருது' என்று ஒரு வரி மட்டும் போட்டார். அந்த வாரமே மீதி இருபத்தொரு ரவிக்கைகளும் மெர்சி கடைக்குப் போயின. அவற்றின் பின்னால் சுடிதார்கள், திரைச்சீலைகள், பிள்ளைகளின் பள்ளி விழாவுக்கு நடன உடைகள். நாகலிங்கம் தன் பங்குக்கு, தான் தங்கியிருந்த தொழிலாளர் கேம்பில் ரூம் ரூமாகப் போய், "கிழிஞ்சதெல்லாம் எடுங்கப்பா, சிஸ்டர்கிட்ட குடுக்கணும்" என்று மூட்டை கட்டிவந்தார். இரண்டு பெண்களும் மெஷினை விட்டு எழ நேரமில்லை. அவர்கள் விசா புதுப்பிக்கப்பட்டது. ஞாயிறு வகுப்பில் ஏழு பேர் பத்தானார்கள்.

கமிட்டி? இரண்டு முறை கூடியது. தனக்கு ஒரு பெயர் வைத்துக்கொண்டது.

விஜயபாஸ்கர் இதையெல்லாம் பார்த்துப் பூரித்தார். 'என் சிறு முயற்சியால் இன்று ஒரு கறுப்பினச் சகோதரியின் வாழ்வில் ஒளி' என்று பதிவு போட முடிவுசெய்து, புதுப்படம் எடுக்கக் கடைக்குப் போனார். கடைச் சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. 'துணி இல்லாமல் படம் எடுக்க அனுமதி இல்லை.'

"நான் துணியோடதானே வந்திருக்கேன்!" என்றார் விஜயபாஸ்கர்.

"தைக்கிற துணி சார்" என்றார் மெர்சி.

விஜயபாஸ்கர் சட்டைப் பையைத் தடவினார், கைக்குட்டையைப் பார்த்தார், கடைசியில் கழுத்திலிருந்த டையைக் கழற்றி நீட்டினார். மெர்சி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சுருக்கம் நீவி மடித்துக் கையில் கொடுத்தார்.

"இதில் தைக்க ஒன்றுமில்லை சார். கொட்டேஷனில் கையெழுத்துதான் வேண்டும்."

கையெழுத்து அப்போதும் விழவில்லை. தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டாவது மெயில் வந்தபோது விழுந்தது. 'நீங்கள் ஆதரித்த தொழில்முனைவோரிடம் இதுவரை என்ன வாங்கினீர்கள்? பட்டியல் அனுப்பவும்.' அன்றைக்கு விஜயபாஸ்கர் மதியச் சாப்பாட்டைக்கூடத் தள்ளிவைத்து, இத்தனை மாதம் நடக்காத புரொசீஜரைப் பத்தே நிமிஷத்தில் முடித்தார். மெர்சி மூன்றாவதாக ஒரு பெண்ணை வேலைக்கு எடுத்தார். அதற்காக மெர்சியைப் பாராட்ட விஜயபாஸ்கர் இப்போது தேதி பார்த்துக்கொண்டிருக்கிறார்.

சிரிக்கிறீர்கள். இப்படி ஒருவரை உங்களுக்கும் தெரியும் என்று தோன்றுகிறது, இல்லையா? இதை அவருக்கு அனுப்பிவைக்க வேண்டும், கூடவே 'அருமையான பதிவு' என்று எழுதி இன்னும் நாலு குழுக்களில் போட வேண்டும் என்று விரல் துடிக்கிறதா? துடிக்கட்டும். அதற்கு முன்னால் ஒரு நிமிஷம் எழுந்துபோய் உங்கள் அலமாரியைத் திறந்து பாருங்கள். ஜிப் போன பேன்ட் ஒன்று அங்கே எத்தனை மாதமாகத் தொங்குகிறது?